கல்லைத் தூக்கிப் போடுங்க சாமி!

புனேயில எங்க சொசைட்டி பார்க்கிங்கை ஒரு சுத்து வந்தா தெரியும். பழைய கார் வச்சிருக்கிற நம்மாளுங்க பாதிப் பேர்கிட்ட ஒரு செங்கல்லும் இருக்கும். பின் டயருக்கு அண்டக் கொடுக்க! கேட்டா, "பழைய வண்டி சார், ஹேண்ட்பிரேக் எல்லாம் எங்க நிக்குது?"ன்னு சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அந்தச் சரிவுலதான் நம்ம பிள்ளைங்க சைக்கிள் ஓட்டுதுங்க.

மாருதி 800ஐயே எடுத்துக்குவோம். 1983 டிசம்பர்ல வந்து 2014ல உற்பத்தி நின்ன வண்டி. "எங்க முதல் கார்"னு பாசமா வச்சிருக்கோம். புது சீட் கவர், புது ஸ்டீரியோ எல்லாம் உண்டு. லீவருக்கு மட்டும் செங்கல். இது என்னங்க நியாயம்?

லீவருக்குள்ள பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. பல் வச்ச ஒரு இரும்புத் தகடு, அந்தப் பல்லுல போய் மாட்டுற ஒரு கொக்கி, கொக்கியைத் தூக்கிவிட முனையில ஒரு பட்டன், உள்ளே ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். வருஷக்கணக்குல தேஞ்சு பல் மழுங்கிடும், ஸ்பிரிங் தளர்ந்துடும். இழுத்தா நிக்கிற மாதிரி நின்னு, பொட்டுனு விழும்.

மெக்கானிக்கிட்ட போனா கேபிள் நட்டை நாலு சுத்து முறுக்கிட்டு "ஆயிடுச்சு"ம்பார். என்னத்த ஆச்சு? லீவர் மேல வரைக்கும் வந்தும் வண்டி உருண்டா அது கேபிள் தளர்வு, இல்லைன்னா பின் பிரேக் ஷூ தேய்மானம். லீவரே நழுவி விழுந்தா அது பல், கொக்கி, ஸ்பிரிங் சமாச்சாரம். அதுக்குக் கேபிளை முறுக்கினா ஷூ டிரம்மை உரசிக்கிட்டே இருக்கும், டிரம் கொதிக்கும், லீவர் மறுபடியும் விழும்.

"கியர்ல போட்டுட்டா போதுமே"ங்கிற மேதாவிகளுக்கு: முன் சீட்டுல விளையாடுற குழந்தை கிளட்ச்சை ஒரு மிதி மிதிச்சா உங்க கியர் என்ன பண்ணும்?

பல்லை அரத்தால ராவிக் கூராக்குறதும் நிக்காது. மேல இருக்கிற கெட்டிப்படுத்தின படலம் போயிட்டா சீக்கிரமே திரும்ப மழுங்கும். ஸ்பிரிங் மட்டும் போயிருந்தா ஸ்பிரிங்கை மாத்துங்க. பல் போயிருந்தா லீவரை முழுசா மாத்துங்க. லீவு போட்டு ஊருக்குப் போறப்போ சென்னைல புதுப்பேட்டைக்கு ஒரு நடை போங்க. வாங்குறதுக்கு முன்னாடி பல் கூரா இருக்கான்னு பாருங்க, இழுத்துப் பாருங்க, ஒவ்வொரு 'டிக்'கும் கணீர்னு கேட்கணும். மாட்டினதும் முதல்ல பின் ஷூ, அப்புறம்தான் கேபிள். வேலை நடக்கிறப்போ வண்டி சமதளத்துல, நாலு சக்கரத்துக்கும் கட்டையோட நிக்கணும். கல்லுக்கு நான் அனுமதி கொடுக்கிற ஒரே நேரம் அதுதான் :-)

1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 96வது விதி, கால் பிரேக்கோட பார்க்கிங் பிரேக்கும் தனியா வேணும்னு சொல்லுது. வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு அதுல விலக்கு கேட்காதீங்க. வயசானவங்களுக்குத்தான் கைத்தடி அவசியம். பழைய வண்டி மேல நிஜமாவே பாசம் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை அந்த லீவரைக் கழட்டுங்க.