பங்கு பாதி, வாங்க ஒரே ஆள்

பரானா ஆற்றின் குறுக்கே பிரேசிலும் பராகுவேயும் கட்டிய இத்தாய்ப்பு அணையில் 20 மின்னாக்கிகள், ஒவ்வொன்றும் 700 மெகாவாட். பத்து பராகுவேயின் 50 ஹெர்ட்ஸில் சுழல்கின்றன, பத்து பிரேசிலின் 60 ஹெர்ட்ஸில். ஆளுக்குப் பாதி என்பதை இயந்திரத்திலேயே வார்த்திருக்கிறார்கள். ஆனால் 1973 ஒப்பந்தம் ஒரு முடிச்சுப் போட்டது: தனக்கு மிஞ்சும் மின்சாரத்தைப் பராகுவே பிரேசிலுக்குத்தான் தர வேண்டும். வாங்க ஒரே ஆள் என்றால் விலையைச் சொல்வது யார்? அந்த மிச்சம் நேர்மின்னோட்டமாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, சாவோ பாவ்லோ பக்கம் மறுபடி 60 ஹெர்ட்ஸ் ஆகிறது.

பணம் புரட்டியது பிரேசில்தானே என்பார்கள். உண்மைதான், பராகுவே போட்ட 5 கோடி டாலர் மூலதனமே பிரேசில் வங்கிக் கடன், கட்டுமானக் கடனுக்கும் பிரேசில்தான் ஜாமீன். ஆனால் கடனை அடைத்தது அணையின் மின்கட்டணம். 2023இல் அதுவும் தீர்ந்தது. ஜாமீன் போட்டவருக்கு நன்றி சொல்லலாம், ஆயுளுக்கும் விளைச்சலை எழுதிக் கொடுப்பதா? வேறு யார் வாங்குவார்கள் என்ற கேள்வியும் நிற்காது. யசிரெட்டா அணையைப் பராகுவேயுடன் பங்கிடும் அர்ஜென்டினா பக்கத்திலேயே இருக்கிறது. 50 ஆண்டு கழித்து விலை விதிகளைத் திருத்த ஒப்பந்தமே இடம் தருகிறது. அந்தத் திருத்தப் பேச்சில் பராகுவே முதலில் கேட்க வேண்டியது கூடுதல் விலையை அல்ல, பிறருக்கு விற்கும் உரிமையை.