மினிக்காய்த் தீபஸ்தம்பம்

தேசம் 1947-ம் வருஷத்தில் சுதந்திரம் பெற்றது. ஆனால், லக்ஷத்தீவுகளின் தென்கோடியிலுள்ள மினிக்காயின் கலங்கரை விளக்கம் 1956-ம் வருஷம் வரையில் பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே இருந்து வந்தது. இவ்விஷயத்தை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

அந்நியர் அவ்விளக்கை எளிதில் கைவிடாததற்குக் காரணம் இல்லாமலில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது முதல், ஏடனுக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல்களின் போக்குவரத்துப் பெருகிற்று. அம்மார்க்கத்தின் நடுவே, எட்டாம் பாகைக் கால்வாய்க்கும் ஒன்பதாம் பாகைக் கால்வாய்க்கும் மத்தியில் மினிக்காய் கிடக்கிறது. கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த பவழத் தீவு அது. இரவில் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படும்போதோ கப்பல் பாறையை நெருங்கிவிட்டிருக்கும். ஆதலின் 1885-ல் அங்கே வானளாவிய ஸ்தம்பம் எழுப்பப்பட்டது.

சாம்ராஜ்யத்தின் வியாபாரத்துக்காக ஏற்றப்பட்ட விளக்குத்தான். ஆயினும், பெரிய கப்பலென்றும் சிறிய தோணியென்றும் ஒளி பேதம் பாராட்டுவதில்லை. மினிக்காய் வாசிகளோ பரம்பரைக் கடலோடிகள். தூண்டிலிட்டுச் சூரை மீன் பிடித்து, அதை மாசியாக்கி விற்பது அவர்களது ஜீவனம். அந்நிய தேசக் கப்பல்களில் மாலுமிகளாகச் சென்று உலகைச் சுற்றியவர்களும் அவர்களில் அநேகர். இரவில் வீடு திரும்பும் மீனவனுக்கு அவ்விளக்கே வாசற்படி.

செயற்கைக் கிரகங்கள் வழிகாட்டும் இக்காலத்தில் தீபஸ்தம்பம் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கருவி பழுதுபடும், மின்சாரம் நின்றுவிடும். வழிகாட்டும் கிரகங்களிற் பல பிற தேசத்தார் வசமிருக்கின்றன. நம் கரையின் விளக்கு ஒன்பது வருஷம் பிறர் கையில் இருந்ததை அறிந்த பிறகும், முற்றிலும் அவற்றையே நம்பியிருப்பது விவேகமாகுமா?

1927-ம் வருஷத்துத் தீபஸ்தம்பச் சட்டத்தை நீக்கி 2021-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம், புராதன ஸ்தம்பங்களைக் கல்விக்கும் உல்லாசப் பிரயாணத்துக்கும் பயன்படுத்த இடமளிக்கிறது. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், விளக்கு முதலாவது, வேடிக்கை இரண்டாவது. ஸ்தம்பத்தைப் பராமரிக்கும் உத்தியோகங்களிலும், கப்பல் அதிகாரிகளுக்கான பயிற்சியிலும் தீவின் வாலிபர்களுக்கு முதலிடம் அளிக்கவேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம். மாலுமிகளாக உழைத்த பரம்பரை மாலுமிகளாகவே நின்றுவிடலாகாது. கப்பலை நடத்தும் ஸ்தானமும் அதற்கு உரியதே.