கிறிஸ்துமஸ் பேயும் ஏழைக் குழந்தைகளும்

திருச்சிக்கு சினிமா வந்ததே ஏசுநாதரோடுதான். 1905ல் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர் உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப்படம் அவற்றில் ஒன்று. கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவரே. கோவை மில் தோழர்களுக்கு இது தெரிந்த கதை. மாட்டுக்கொட்டிலில் பிறந்த ஏழைக் குழந்தையின் கதையை நம் பாட்டன்மார் வெள்ளைத் துணியில் வாய்பிளந்து பார்த்தார்கள்.

இன்று கிறிஸ்துமஸ் படம் என்றால் அதில் பேய்ப்படமும் சேர்த்தி.

சென்ற மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். தங்கை ராத்திரி இரண்டு மணி வரை திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். (நூறு முழம் கட்டினால் என்ன கூலி என்பதை இன்னொரு நாள் எழுத வேண்டும்.) உள்ளே அவளுடைய பன்னிரண்டு வயதுப் பையனும் சின்னப் பெண்ணும் தனியே படுத்திருந்தார்கள். பையன் கொல்லைப்புறம் போக மாட்டேன் என்றான். "மாமா, நீங்களும் வாங்க" என்று என் கையைப் பிடித்தான். விசாரித்தால், பகலெல்லாம் கைப்பேசியில் 'தி கான்ஜுரிங் 2' பார்த்திருக்கிறான், தமிழ்க் குரலில். மறுநாள் நானும் பார்த்தேன். நானும் பயந்தேன், மறைப்பானேன்?

2016ல் வந்த ஹாலிவுட் படம். மலேசியாவில் பிறந்த ஜேம்ஸ் வான் இயக்கியது. கதை நடப்பது 1977 டிசம்பரில், லண்டனின் வடபகுதியான என்ஃபீல்டில். வெளியே கிறிஸ்துமஸ் விளக்கும் பாட்டும். வீட்டுக்குள்ளே நான்கு குழந்தைகள். பதினோரு வயதுச் சிறுமி ஜேனட் மீது செத்துப்போன கிழவனின் ஆவி ஏறிக்கொண்டு கரகரத்த குரலில் பேசுகிறது. கட்டில் ஆடுகிறது, நாற்காலி நகர்கிறது. கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த வாரன் தம்பதி சிலுவையும் கையுமாகப் பேயை ஓட்டுகிறார்கள். சுமார் 4 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 32 கோடி டாலர் வரை வசூலித்தது. பேய் நல்ல முதலீடுதான்!

ஹாட்சன் குடும்பம் என்று ஒன்று நிஜமாகவே இருந்தது, தோழர்களே. புருஷன் பிரிந்துபோனபின் நான்கு குழந்தைகளோடு நின்ற தாய். குடியிருந்தது நகரசபையின் வாடகை வீடு. 1977 ஆகஸ்டில் தொடங்கிய சத்தமும் கூச்சலும் பத்திரிகைகளுக்குத் தீனியாயின. ஆவி ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பழியாகக் கிடந்தார்கள். சில சமயம் தாங்களே வேலை காட்டியதை ஜேனட் பிற்பாடு ஒப்புக்கொண்டாள். எல்லாமே அப்படியல்ல என்றும் சொன்னாள். படத்தில் மீட்பர்களாக வரும் வாரன் தம்பதி நிஜத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

அதே படத்தின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அமிட்டிவில் பேய்வீடு வருகிறது. அந்த வீட்டுக்காரர்கள் 28 நாளில் வெளியேறிவிட்டார்கள். என்ஃபீல்டு தாய் எங்கே போவாள்? 2003ல் சாகும்வரை அதே வீட்டில்தான் இருந்தாள். பேய் உண்டோ இல்லையோ, அதோடு குடித்தனம் நடத்துவதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை! எனக்குத் திகில் தந்தது இதுதான். படம் எடுத்தவர்களுக்கோ இது வெறும் பின்னணித் திரை. தகப்பன் போனதும், கையில் காசில்லாததும், பேய் வர வாகான இடமாக மட்டும் வைக்கப்பட்டிருக்கின்றன. பேய் போனதும் சுபம். மறுமாத வாடகையை யார் கொடுத்தது?

குழந்தைகள் பேய்ப்படமே பார்க்கக் கூடாது, தடை போடு என்று கேட்பவன் அல்ல நான். முனி கதையும் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதையும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமும். என் கேள்வி, எதைக் காட்டிப் பயமுறுத்துகிறாய் என்பதுதான்.

கிறிஸ்துமஸ் இரவில் பேய்க்கதை சொல்வது இங்கிலாந்தில் பழைய வழக்கம். 1843ல் சார்லஸ் டிக்கன்ஸ் அந்த வழக்கத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிய சர்க்கார் அறிக்கையைப் படித்துக் கொதித்தவர், துண்டுப்பிரசுரம் எழுத நினைத்து, அதை விட்டுப் பேய்க்கதை எழுதினார். 'கிறிஸ்துமஸ் கேரல்' என்று பெயர். அதில் ஆவி ஒன்று தன் அங்கியை விலக்குகிறது. அடியில் எலும்பும் தோலுமாய் இரண்டு குழந்தைகள். ஒன்று அறியாமை, மற்றொன்று இல்லாமை. கஞ்ச முதலாளி அரண்டுபோகிறான். அங்கே குழந்தையைப் பேய் பிடிக்கவில்லை. குழந்தையைப் பார்த்து முதலாளி நடுங்குகிறான். முடிவில் அவன் மனம் மாறிக் கூலியை உயர்த்துகிறான் என்று டிக்கன்ஸ் எழுதினார். நம்புகிறவர்கள் நம்பட்டும்!

நம்முடைய நாட்டிலும் ஒரு கிறிஸ்துமஸ் இரவு உண்டு. ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவரும் காவிரிதான் கல்லணை தாண்டிக் கிளை கிளையாய்க் கீழத்தஞ்சைக்கும் பாய்கிறது. அங்கே கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர் குடியிருப்புக்குள் நிலப்பிரபுவின் ஆட்கள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். ராமையாவின் குடிசைக்குள் பதுங்கிய பெண்கள், குழந்தைகள், வயோதிகர்கள் என 44 பேரை உள்ளே வைத்து எரித்தார்கள். வெளியே வீசப்பட்ட கைக்குழந்தையையும் திரும்ப நெருப்பில் போட்டார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். கார் வைத்திருக்கும் கௌரவமான மனிதர்கள் நடந்துபோய்த் தீ வைப்பார்களா என்று சந்தேகப்பட்டு உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. சிலுவையைக் காட்டினால் ஓடுகிற பேய் அல்ல அது.

1983ல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' படம் இதைத் தொட்டது. 2005ல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படம் எடுத்தார். கிறிஸ்துமஸுக்கு எந்தக் கொட்டகைக்காரர் இதைப் போடப்போகிறார்?

நான் என் மருமகனுக்குப் போட்டுக் காட்டினேன். பேய் இல்லை என்றதும் முகம் சுளித்தான். பிறகு பேசாமல் பார்த்தான்.

"அந்தப் பிள்ளைங்க ஏன் மாமா வெளியே ஓடல?"

கதவை வெளியே பூட்டிவிட்டார்கள் என்றேன்.

"யாரு பூட்டினது?"

சொன்னேன். யார், எவ்வளவு நிலம் வைத்திருந்தவர்கள், எதற்காக என்று எல்லாம் சொன்னேன். தங்கை பூ கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வருகிற டிசம்பர் 25 வெண்மணி நினைவிடத்துக்குப் போகிறேன். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக பஸ். பையன் கூட வருகிறேன் என்கிறான். ராத்திரி அங்கே தங்க வேண்டியிருக்குமா என்று மட்டும் கேட்டான்.