முகவரி யார் கையில்?

ஒருவனுக்கு ஊரும் பேரும் இருந்தால் மட்டும் போதாது. அவனைத் தேடி வரும் கடிதம் தடையின்றி அவன் வாசலை அடையவும் வேண்டும். இவ்வுண்மையை ஊவாத் தோட்ட மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் லய அறைகளுக்குத் தனி முகவரி இல்லாமையால், தபால் முதலில் தோட்டக் காரியாலயத்துக்குச் செல்வதே நெடுங்கால வழக்கம். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கைக்கு வந்த கதை மலையகத்தில் புதிதன்று. கடிதம் நம்முடையது, முகவரியோ தோட்டத்தினுடையது.

சமூக ஊடகத்தில் கணக்குத் திறக்கும் ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் இந்த முகவரிக் கேள்வியை அங்கும் எழுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

2022 அக்டோபரில் டுவிட்டரை ஈலோன் மஸ்க் வாங்கியபோது, பலர் மாஸ்டடன் என்னும் வலையமைப்பை நாடினர். 2016 இல் ஜெர்மனியில் தொடங்கப்பெற்ற இவ்வமைப்பு முழுவதற்கும் ஒரே முதலாளி இல்லை. கணக்குகளையும் பதிவுகளையும் காத்துப் பரிமாறும் கணினிகளான ‘வழங்கிகள்’ ஆயிரக்கணக்கில் உள்ளன. தனியாரும் சங்கங்களும் அவற்றைத் தனித்தனியே நடத்துகின்றனர். பல ஊர்த் தபாற் கந்தோர்களைப் போல அவை தம்முள் செய்தி பரிமாறுகின்றன. நம் பெயரோடு வழங்கியின் பெயரும் சேர்ந்தே முகவரியாகிறது.

“எல்லாம் தொடர்புடையவைதாமே, எதில் சேர்ந்தால் என்ன?” என்பார் உளர். நான் அதற்கு உடன்படேன். வழங்கியை நடத்துபவர் நம் கணக்கை நீக்கலாம்; வேறொரு வழங்கியோடுள்ள தொடர்பை அறுக்கலாம்; இருவருக்கிடையே செல்லும் நேர்ச்செய்தியையும் விரும்பினால் படிக்கலாம். வழங்கியே மறைந்துபோவதும் உண்டு. ஆப்கானிஸ்தானுக்குரிய இணைய ஈற்றுப் பெயரைக் கொண்டிருந்த வழங்கியொன்று, தாலிபான் ஆட்சியினர் அப்பெயரை முடக்கியதனால் 2024 பெப்ரவரியில் செயலிழந்தது.

ஆகவே, நுழையும் வாசலைவிட வெளியேறும் வாசலே முதன்மையானது. 1921 வரை இந்நாட்டுத் தோட்டங்களில் ‘துண்டு’ முறை இருந்தது. கங்காணியும் அவர்தம் ஆட்களும் பட்ட கடனைக் குறித்த துண்டு அது. அக்கடனை ஏற்கும் தோட்டமே அவர்களைப் பெறும். அக்கொடுமையை இணையத்தின் வசதிக் குறைவோடு ஒப்பிடுவது தகாது. எனினும், போகும் வழி அடைபட்டவனுக்கு இருக்கும் இடமும் சிறைதான் என்ற பாடத்தை நாம் மறத்தல் கூடாது. மாஸ்டடனில் துண்டு கேட்பார் இல்லை. நம்மைப் பின்தொடர்வோரை உடனழைத்துக்கொண்டு வேறு வழங்கிக்குக் குடிபெயரலாம். ஆனால், எழுதிய பதிவுகள் உடன்வாரா. பழைய வழங்கி இயங்கும்போதே புறப்படவும் வேண்டும்.

மாஸ்டடன் நிறுவனம் தன் பட்டியலில் சேரும் வழங்கிகளிடம் நான்கு உறுதிகளைக் கேட்கிறது: இனவெறி முதலியவற்றைத் தடுக்கும் கண்காணிப்பு, நாள்தோறும் காப்புப் பிரதி, அவசரத்தில் பொறுப்பேற்க இன்னொருவரேனும் இருத்தல், மூடுவதற்கு மூன்று மாதம் முன் அறிவித்தல். ஐந்தாவதாக, தமிழ் படிக்கத் தெரிந்த கண்காணிப்பாளரையும் நாம் கேட்க வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது, சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளை முகநூல் உரிய நேரத்தில் தடுக்கவில்லை; 2020 இல் வருத்தம் தெரிவித்தது. வசையின் மொழி அறியாதவன் வசையைத் தடுத்தல் எங்ஙனம்?

பெரிது என்பதற்காகவோ, நண்பர் இருக்கிறார் என்பதற்காகவோ வழங்கியைத் தேர்ந்துவிடலாகாது. நடத்துபவர் யார், செலவைத் தாங்குபவர் யார், விதிகள் எவை என்று கேட்டறிந்தே சேர வேண்டும். பதுளை, பண்டாரவளை இலக்கிய வட்டங்கள் ஒன்றுகூடி, சொந்தப் பெயரில் ஒரு வழங்கியை நடத்துவதும் இயலாத காரியமன்று. மாதந்தோறும் சிறு சந்தாவும், பொறுப்பைப் பகிரத் தொழில்நுட்பம் அறிந்த இருவரும் வேண்டும். சஞ்சிகை நடத்திப் பழகிய நமக்கு இச்சுமை புதிதன்று.