வித்தையும் விவேகமும்

பிறர் வீட்டுப் பூட்டைத் திறந்து புகுபவனைக் கள்ளன் என்கிறோம். பிறர் கம்ப்யூட்டரில் அனுமதியின்றிப் புகும் மாணவனை மட்டும் கெட்டிக்காரன் என்று மெச்சுகிறோம். இதைவிட விபரீதம் வேறுண்டோ?

1988-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஸ்தம்பிக்கச் செய்த நிரலை ஏவியவர் கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் மாரிஸ். சேதம் விளைவிக்க எண்ணவில்லை என்று வாதித்தும், 1990-ல் அவர் குற்றவாளியெனவே தீர்ப்பாயிற்று. வித்தையிருந்தும் விவேகமில்லாமையின் பலன் இது.

நம் தேசத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவு, வஞ்சகமாக இவ்வாறு புகுவோருக்கு 3 வருஷம் வரை சிறை விதிக்கிறது. எனினும் சட்டம் குற்றத்தின் பின்னே வருவது. கல்வியே முன்னே நிற்க வல்லது. ஆதலின், சிதம்பரத்தில் 1929 முதல் விளங்கும் அண்ணாமலை சர்வகலாசாலையும் கடலூர்ப் பாடசாலைகளும், கம்ப்யூட்டர் வித்தையைத் தொடங்கும் முதல் நாளிலேயே ‘இது யாருடைய உடைமை? அனுமதி உண்டா?’ என்னும் இரு கேள்விகளையும் கற்பித்தல் வேண்டும். சிறைச்சாலையில் வரும் புத்தி பாடசாலையிலேயே வரட்டும்.