எண்ணெய் முதலாளிக்கு, பழி சாரதிக்கு!

பெற்றோல் இல்லையென்ற சொல் எங்கேனும் எழுந்த மறுகணமே நம்மவர் நாவில் முதலில் அகப்படுபவன் பவுசர்ச் சாரதி. "பவுசர்காரர் மறித்துவிட்டார்கள், நாட்டின் கழுத்தை நெரிக்கிறார்கள்" என்று வைத்தியர் கூறுகிறார், ஆசிரியர் கூறுகிறார், என் தொழிலைச் செய்யும் சட்டத்தரணிகளே நீதிமன்ற வளவில் நின்று கூறுகிறார்கள். வெங்காயத் தறைக்கு நீர் இறைக்க மண்ணெண்ணெய்க் கலனுடன் வரிசையில் வாடிய கமக்காரன் அவ்விதம் சினந்தால் அதையேனும் பொறுத்துக்கொள்ளலாம். சட்டங் கற்றவர்களும் அதையே ஓதுவது பொறுக்கத் தகாதது.

2022 ஏப்பிரலில் நடந்ததென்ன? டீசல் விலை ஏறியதற்கு ஏற்பத் தமது போக்குவரத்துக் கட்டணத்தையும் உயர்த்தவேண்டுமென்று கோரித் தனியார் பவுசர் உரிமையாளர்கள் சேவையிலிருந்து விலகுவதாக அறிவித்தனர். உரிமையாளர்கள்! சாரதிகள் அல்லர். 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச்சட்டத்தின்படி, வேலைக்கமர்த்தப்பட்டோர் ஒன்றுபட்டு வேலையை விடுதலே வேலைநிறுத்தம். சொந்தக்காரர் தமது வாகனத்தைக் கொட்டகையில் பூட்டிவைத்தல் எந்த அகராதியிலும் வேலைநிறுத்தமாகாது. திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றால் போகவேண்டியவன் சாரதி. பயணக் கூலிக்கு ஓடுபவனுக்கு ஓடாத நாளில் அடுப்பெரியாது. 2025 மார்ச் தொடக்கத்தில் 3 வீதக் கழிவு பற்றி விற்பனை முகவர்கள் கூட்டுத்தாபனத்துடன் பிணங்கி, எரிபொருளுக்குக் கட்டளையிட மறுத்து, மீண்டும் வரிசைகள் நீண்டபோதும் அப்பிணக்கில் சாரதிக்கு ஒரு சதமும் சம்பந்தமில்லை.

2022 ஏப்பிரல் 19 ஆம் நாள் றம்புக்கனையில் மக்கள் வீதியை மறித்தனர். பொலிசார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். பவுசருக்குத் தீமூட்ட முயன்றார்கள் என்பது பொலிசார் சொன்ன நியாயம். அதன் மெய்யையும் பொய்யையும் தீர்ப்பது நீதிமன்றின் வேலை. நான் கேட்பது வேறொன்று. ஆயிரக்கணக்கான லீற்றர் எண்ணெயை முதுகில் சுமந்துகொண்டு, ஒரு பக்கம் கொதிக்கும் கூட்டமும் மறுபக்கம் துப்பாக்கியுமாக நிற்கும் ஒரு வாகனத்தின் ஆசனத்தில் அமர்வது எத்தகைய தொழில் என்று நம்மில் எத்தனை பேர் ஒரு கணமேனும் எண்ணிப்பார்த்தோம்?

எண்ணெயை நாட்டுடைமையாக்கினோம் என்று மார்தட்டிய நாடு இது. 1961 இல் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. ஷெல், எஸோ, கல்டெக்ஸ் என்னும் அந்நியக் கம்பனிகளின் சொத்துக்கள் சுவீகரிக்கப்பட்டன. நட்டஈடு கொடுபடவில்லையென்று 1963 இல் அமெரிக்கா தனது உதவியை நிறுத்திற்று. கம்பனிக்கு நட்டஈடு கேட்க ஒரு வல்லரசே எழுந்து நின்றது! 2003 இல் இந்தியக் கம்பனி வந்தது. 2023 இல் சீனக் கம்பனி வந்தது. பவுசரின் பக்கத்தில் தீட்டிய பெயர் மாறியது. உள்ளே இருப்பவன் காயமுற்றால் நட்டஈடு கேட்க இன்றும் எவருமில்லை.

அவன் செய்யும் வேலையை அறியாதோருக்குச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். 13,200 லீற்றர் கொள்ளும் தாங்கியுடன் வளைவில் திரும்பும்போது உள்ளிருக்கும் எண்ணெயும் அலையெழுந்து வாகனத்தைத் தள்ளும். இடத்தை அடைந்ததும் தாங்கியின் உச்சியில் ஏறி, மூடி திறந்து, அளவுகோல் இறக்கவேண்டும். வழுக்கினால் கீழே சீமெந்துத் தரை. பெற்றோலின் ஆவி காற்றிலும் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். உராய்வால் பிறக்கும் ஒரு சிறு மின்பொறி போதும். ஆகவே நிலத்தொடர்புக் கம்பியை முதலில் மாட்டாமல் குழாயில் கைவைத்தல் தற்கொலைக்கொப்பானது. அந்த ஆவியில் பென்சீன் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இதை நாள்தோறும் சுவாசிப்பவனையே நாம் வரிசையில் நின்று வைகிறோம்.

இவற்றிலும் கொடியது 'குறைவு' என்னும் கணக்கு. பெற்றோல் வெப்பத்தில் விரியும்; குளிரில் சுருங்கும். ஒரு பாகை செல்சியஸ் மாறினால் 1,000 லீற்றருக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் அல்லது சற்று அதிகம் மாறும். கொலன்னாவையின் பகல் வெப்பத்தில் 13,200 லீற்றர் ஏற்றி, நுவரெலியாக் குளிரில் 5 பாகை தணிந்தபின் அளந்தால், ஒரு துளியும் திருடப்படாமலே 70 லீற்றர் வரை குறைந்து காணும். 2022 ஜூன் பிற்பகுதியில் ஒரு லீற்றர் 470 ரூபா. பெருக்கிப் பாருங்கள்: 32,900 ரூபா! அவ்வாண்டில் சட்டம் விதித்த தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 12,500 ரூபா. இயற்கை ஓர் இரவில் செய்த சுருக்கத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம்!

மலைநாட்டுச் சாரதி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய முதலாளி பயணத்துக்குப் பயணம் இக்குறைவைக் கூலியிலிருந்து வெட்டிவந்தார். ஒரு துண்டுக் கடதாசியும் கொடுத்ததில்லை. "ஐயா, குளிருக்கு எண்ணெ சுருங்குதுங்க. அதுக்கு நா என்ன செய்யிறது?" என்றார். பௌதிக நூல் படித்தவர் அல்லர் அவர். ஆயினும் அந்த முதலாளியின் கணக்கப்பிள்ளைக்கு எட்டாத உண்மை அவருக்கு எட்டியிருந்தது. சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ், அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும், அதுவும் தொழிலாளியின் சம்மதமின்றி, சம்பளத்தில் கழித்தல் ஆகாது. மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்கென்று ஒரு சம்பளச் சபையே உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் செலுத்தியாகவேண்டும். பயணக் கூலி சம்பளமன்று என்னும் தந்திரம் அங்கே செல்லாது. சட்டம் இருக்கிறது. சட்டத்தை வாசித்துக் காட்டத்தான் ஆளில்லை.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதையும் மறைக்கவேண்டியதில்லை. வழியில் எண்ணெய் இறக்கி விற்கும் சாரதிகள் இல்லையா? உண்டு. அவர்கள்மீது குற்றஞ்சாட்டி நிரூபியுங்கள். ஒருவன் திருடினான் என்பதற்காக மற்றெல்லாரிடமும் விசாரணையின்றித் தண்டம் அறவிடுதல் எந்த நீதி? ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் அளவுடன் வெப்பநிலையையும் குறித்துச் சாரதியின் கையில் ஒரு பிரதி கொடுத்தால் திருட்டு எது, சுருக்கம் எது என்று ஒரு பாடசாலைப் பிள்ளையே சொல்லிவிடும். அதைச் செய்யாமலிருப்பதில் யாருக்கு இலாபம் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க.

அரசாங்கமோ 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தைக் கையிலெடுத்து எரிபொருள் விநியோகத்தை மீண்டும் மீண்டும் வர்த்தமானியில் அத்தியாவசியமாக்குகிறது. மீறியவருக்குக் கடூழியச் சிறை காத்திருக்கிறது. 2023 மார்ச்சில் கூட்டுத்தாபனத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது களஞ்சியங்களுக்குப் படையினர் அனுப்பப்பட்டனர். சேவை அவ்வளவு இன்றியமையாததாயின், அதைச் செய்பவனுக்கு நிரந்தர நியமனமும் விபத்துக் காப்பும் அல்லவோ முதலில் வர்த்தமானியில் வரவேண்டும்?

வடக்கிலுள்ள நமக்கு இதில் மேலும் ஒரு கடமையுண்டு. எண்ணெய் வராத நாடு எப்படியிருக்கும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் தடைக்காலத்தில் சில துளி பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, இறைப்பு இயந்திரத்தையும் படகையும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை மறந்தவர்களும் அல்லோம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் விழித்திருந்து தென்னிலங்கையிலிருந்து எண்ணெய் கொணர்பவன் சிங்களவனாயினும் தமிழனாயினும் முஸ்லிமாயினும், அவன் வயிற்றிலடித்து நமது கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது.

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம். சேமலாப நிதி செலுத்திய பற்றுச்சீட்டைக் காட்டாத எந்த உரிமையாளருக்கும் எண்ணெய் ஏற்றும் ஒப்பந்தம் வழங்கலாகாது. வெப்பநிலைக் குறிப்பின்றிக் குறைவு என்ற பெயரில் ஒரு சதமேனும் வெட்டலாகாது. கூட்டுத்தாபனமும் புதிதாக வந்த கம்பனிகளும் இதை ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். எழுதும்வரை சாரதிகள் கைகட்டியிருக்கத் தேவையில்லை: தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவுசெய்ய 7 பேரின் கையொப்பம் போதும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நுவரெலியாவிலும் அந்த 7 பேர் முன்வருவார்களாயின், விண்ணப்பத்தையும் யாப்பையும் கட்டணமின்றி எழுதிக்கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம். கையில் உள்ள கூலிக் கணக்குத் துண்டுகளை, எவ்வளவு கசங்கியிருந்தாலும், எறியாமல் கொண்டுவருக.