டயரில் ஒரு எழுத்து; அதில் இருக்குது உயிர்!

டன்லப் ஆலை டயர் செய்த ஊர் அம்பத்தூர். அங்கேயே பலர் டயரில் உள்ள எழுத்தைப் பார்க்காமல் வாங்குகிறார்கள்!

கார் டயரின் பக்கவாட்டில் '88 எச்' என்றிருந்தால், 88 என்பது சுமை: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 'எச்' என்பது வேகம்: மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. 'டி' என்றால் 190. 'எஸ்' என்றால் 180.

"பூந்தமல்லி நெரிசலில் எவன் சார் பறக்கிறான்?" என்று கேட்கலாம். அதே கார்தானே லீவு விட்டால் பெங்களூர் ரோட்டில் பறக்குது! வேகம் ஏற ஏற டயர் சூடேறும். காற்றும் குறைந்து, ஆளும் மூட்டையும் அதிகமானால் எந்த எழுத்தும் காப்பாற்றாது. டமார்தான்!

கார் கம்பெனி சொன்ன எழுத்துக்குக் குறையாமல் வாங்குங்க. தயாரிப்புத் தேதியையும் பாருங்க: 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம்.

சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் குடும்பத்தையே பணயம் வைக்கலாமா?